பலகை மாறினும் பெயர் மாறாததோ?
பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுதல் பற்றிய ஒரு மெய்யியல் நோக்கு

ஒரு பொருளின் பகுதிகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்பட்ட பின்னரும் அப்பொருள் அதுவாகவே இருக்கின்றதா என்னும் வினா மெய்யியலுக்குப் புதியதன்று. தீசியஸ் ஏறிவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பல தலைமுறைகளாகப் பேணினர் என்றும், உக்கிய பலகைகளைக் களைந்து அவற்றின் இடத்தில் உறுதியான புதுப் பலகைகளைப் பொருத்தி வந்தனர் என்றும், அது அதே கப்பல்தான் என ஒரு சாராரும் அன்று என மறு சாராரும் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதிச் சென்றார். 1655ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலொன்றிலே தொமஸ் ஹொப்ஸ் இவ்வினாவை மேலும் சிக்கலாக்கினார். களையப்பட்ட பழைய பலகைகளை ஒருவன் ஒன்றும் விடாது சேர்த்துவைத்து, அவற்றை அதே ஒழுங்கிற் பொருத்தி இன்னொரு கப்பலை ஆக்குவானாயின், இவ்விரண்டினுள் எது தீசியஸின் கப்பல்?

வகுப்பறைகளிலே இவ்வினா பெரும்பாலும் ஒரு விளையாட்டாகவே கையாளப்படுகின்றது. மாணவர் ஒரு கட்சியை எடுத்துக்கொள்வர். ஆசிரியர் மறு கட்சியை எடுத்து மடக்குவார். மணி அடித்ததும் கப்பல் மறக்கப்படும். எந்த விடையைச் சொன்னாலும் எவருக்கும் நட்டமில்லை என்பதே இதற்குக் காரணம். ஆயின் இதே வினா நட்டமும் இலாபமும், வாய்மையும் பொய்ம்மையும் கலந்த உண்மை வினாவாக எழும் இடமொன்று உண்டு. உற்பத்தி நிறுத்தப்பட்ட மோட்டார் வண்டிகளைப் பேணும் உடைமையாளர் கழகங்களே அவ்விடம். அங்கே பலகை உக்குவதும் இரும்பு கறள்பிடிப்பதும் உவமைகள் அல்ல. வார இறுதியில் முழங்கால் மண்ணிற்பட இருந்து செய்யவேண்டிய வேலைகள்.

மொறிஸ் மைனர் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1906ஆம் ஆண்டு ஸ்மேர்னாவிற் பிறந்து பிரித்தானியாவிற் குடியேறிய அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் இதனை வடிவமைத்தார். 1948ஆம் ஆண்டு ஒக்ரோபரில் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் இது முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. நிறுவனத் தலைவரான நபீல்ட் பிரபு இதன் உருவத்தை விரும்பாது, நீரில் வெந்த முட்டையைப் போன்றது என இகழ்ந்தார் என்பர். அம்முட்டைதான் பிரித்தானிய வண்டிகளுள் முதன்முதலிற் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டியது. உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் முற்றாக நின்றபோது ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அதன்பின் அப்பத்தாண்டுக் காலத்திலேயே பிரித்தானியாவில் மொறிஸ் மைனர் உடைமையாளர் கழகம் தோன்றிற்று. இருக்கும் வண்டிகளை இயங்கும் நிலையிலே காப்பதும், பாகங்கள் கிடைக்க வழிசெய்வதும், அறிந்தவர் அறிவை அறியாதவருக்குச் சேர்ப்பதும் அத்தகைய கழகங்களின் பணி.

இவ்வண்டியின் பிறப்பிலேயே மெய்யியலாளருக்கு ஒரு பாடம் உண்டு. உற்பத்தி தொடங்குவதற்குச் சற்று முன்னர், வண்டி மிக ஒடுங்கியதாக இருக்கின்றதென உணர்ந்த இசிகோனிஸ், மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குல இடைவெளி அவர் கண்ணுக்கு நிறைவளித்தது. இன்றும் அவ்வண்டியின் முன் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் சுவடேயாம். முன்னரே செய்து குவித்திருந்த மோதுதாங்கிகளையும் நடுவில் வெட்டி, இடையிலே தகடு வைத்து இணைத்தனர். எனவே தொழிற்சாலையினின்றும் முதன்முதல் வெளிவந்த வண்டியே வெட்டி ஒட்டப்பட்ட வண்டிதான். மூல வடிவம் என்று எதனைச் சொல்கின்றோமோ அதுவே ஒரு திருத்தத்தின் விளைவு. இதனை மறந்து மூலம் என்னும் சொல்லைத் தெய்வத்தின் பெயர்போல உச்சரிப்போர் கழகங்களிற் சிலர் உளர்.

மைனரின் வகைகளுள் 1953ஆம் ஆண்டு வெளிவந்த ட்ரவலர் என்பது நம் வினாவுக்கென்றே செய்யப்பட்டது போன்றது. அதன் பின்பகுதி ஆஷ் மரச் சட்டங்களால் ஆனது. அம்மரம் அழகுக்காக ஒட்டப்பட்டதன்று. பின்பகுதியின் கூரையையும் பக்கங்களையும் தாங்கிநிற்பது அதுவே. ஈரமான நாட்டில் ஓடும் மர வண்டியின் கதி வெளிப்படை. மூட்டுகளில் நீர் தங்கும், மரம் கறுக்கும், பின் உக்கும். உக்கிய மரத்தோடு வண்டி வீதிப் பரிசோதனையிற் சித்தியடையாது. ஆகவே உடைமையாளர் சட்டத்தைச் சட்டமாக மாற்றுவர், அன்றேல் முழுச் சட்டகத்தையும் ஒரேயடியாக மாற்றுவர். ஏதென்ஸ் துறையில் நடந்ததாகச் சொல்லப்படுவது ஆங்கிலேயரின் வீட்டுக் கொட்டில்களில் இன்றும் நடைபெறுகின்றது.

இரும்பாலான வகைகளின் நிலையும் இதனின் மேம்பட்டதன்று. சலூன் வகை மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலும் அடிச்சட்டமும் ஒன்றே. கறள் பிடிப்பது வண்டியின் தோலையல்ல, எலும்பையே. பக்க அடித்தகடு, குறுக்குச் சட்டம், வில் தாங்கி எனத் துண்டு துண்டாக வெட்டி, புதிது வைத்து ஒட்டிக்கொண்டே போனால், முப்பது ஆண்டுகளின் பின் எஞ்சுவது கூரையும் கதவும் பெயர்த்தகடும் மட்டுமே என்னும் நிலை வந்துவிடலாம்.

வேறொரு வண்டியின் வரலாறு வினாவை இன்னும் கூர்மையாக்குகின்றது. எம்.ஜி.பி. என்னும் விளையாட்டு வண்டியின் உற்பத்தி 1980இல் நின்றுபோயிற்று. 1988ஆம் ஆண்டிலோ, பழைய அச்சுகளையே பயன்படுத்தி அதன் முழு உடலும் மீண்டும் புதிதாகச் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. ஒருவர் தம் பழைய வண்டியின் எந்திரம், சில்லுகள், இருக்கைகள் யாவற்றையும் கழற்றிப் புதிய உடலிற் பொருத்திவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். கழித்த பழைய உடலை அயலவர் ஒருவர் வாங்கி, ஒட்டித் திருத்தி, வேறிடத்திற் பெற்ற எந்திரத்தை வைத்து ஓட்டுகிறார். ஹொப்ஸின் இரண்டாவது கப்பல் வீதிக்கு வந்துவிட்டது. பதிவு இலக்கம் ஒன்று. உரிமை கோருவன இரண்டு.

மெய்யியலாளர் முடிவுகாணும்வரை அரசாங்கம் காத்திருக்க முடியாது. பிரித்தானியப் பதிவு அதிகாரிகள் நெடுங்காலம் கையாண்ட முறையொன்றில், பெரிதும் மாற்றப்பட்ட வண்டியின் பகுதிகளுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. உடலுக்கு அல்லது அடிச்சட்டத்துக்கு 5, தொங்கலமைப்புக்கு 2, அச்சுகளுக்கு 2, பல்லிணைப் பெட்டிக்கு 2, திருப்பும் அமைப்புக்கு 2, எந்திரத்துக்கு 1. எட்டுப் புள்ளிகளேனும் பெற்றாற் பழைய இலக்கம் நிலைக்கும். உற்பத்தியாளரிடமிருந்து நேரே பெற்ற, மாற்றம் செய்யப்படாத புதிய உடலும் ஐந்து புள்ளிகளுக்கு உரியதாயிற்று. வண்டியின் இதயம் எனப் பலர் கருதும் எந்திரத்துக்கு ஒரே ஒரு புள்ளி என்பது வியப்பைத் தரலாம். வண்டியை நடுத்துவோர் எந்திரத்தைச் சட்டையைப் போல மாற்றுவர் என்பதை அறிந்த எழுதுவினைஞர் எவரோ இட்ட புள்ளி அது. கணக்கு முரடானது எனினும் உலகியலறிவு இல்லாததன்று.

இதனினும் ஆழமான சிந்தனையை 1990ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழங்கப்பட்ட தீர்ப்பொன்றிற் காணலாம். 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் ஓட்டத்தில் வெற்றிபெற்ற பென்ற்லி வண்டி, பழைய முதலாம் இலக்கம் எனப் பெயர்பெற்றது. அவ்வண்டியை ஒரு கோடி பவுண் அளவான விலைக்கு வாங்க உடன்பட்டவர், வண்டியில் அன்று ஓடிய பாகங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன, ஆகவே இது அந்த வண்டியன்று எனக் கூறிப் பின்வாங்கினர். ஓட்டக் காலத்திலும் அதன் பின்னரும் வண்டி மீண்டும் மீண்டும் திருத்தி அமைக்கப்பட்டிருந்தமை உண்மை. நீதிபதி ஒட்டன் அதனை ஏற்றுக்கொண்டார். மூலப் பொருள் என்னும் சொல் இதற்குப் பொருந்தாது என்றார். ஆயினும் வண்டி தன் அடையாளத்தை இழக்கவில்லை எனத் தீர்த்தார். புதிய பாகங்கள் சிறிது சிறிதாக, நீண்ட காலத்தில், முழுமையினுள் உள்வாங்கப்பட்டன. எந்த ஒரு கட்டத்திலும் வண்டி வேறொன்றாக மாறிவிடவில்லை. அப்பெயருக்கு உரிமைகோரத்தக்க வேறொரு வண்டி உலகில் எங்கணும் இல்லை. விற்கப்பட்டது உலோகம் மட்டுமன்று, வரலாறும் புகழும் சேர்ந்தே விற்கப்பட்டன. இவையே அவர் காட்டிய நியாயங்களின் சாரம்.

இங்கே மூன்று கருத்துகள் பின்னிக்கிடக்கின்றன. மாற்றத்தின் வேகம் ஒன்று. போட்டியாளர் இன்மை மற்றொன்று. வரலாறு பொருளின் ஒரு பகுதி என்பது பிறிதொன்று. இவற்றுள் இரண்டாவது நிறைவளிக்கவில்லை. ஒரு பொருள் அதுவா அன்றா என்பது, எங்கோ ஒரு கொட்டிலில் இன்னொருவர் பழைய பாகங்களைச் சேர்த்து ஒன்றை அமைத்தாரா இல்லையா என்பதிற் தங்கியிருத்தல் விந்தையானது. நேற்றுவரை அதுவாக இருந்த வண்டி, எவரும் அதனைத் தொடாமலே, இன்று வேறாகிவிடுமா? நீதிமன்றத்தில் இவ்வினா எழ வேண்டியிருக்கவில்லை. ஹொப்ஸ் இருந்திருப்பின் எழுப்பியிருப்பார்.

கீழைத் தேயச் சிந்தனையில் இதற்கு ஒரு விடை உண்டு. தேரவாத பௌத்த மரபிலே போற்றப்படும் மிலிந்த பஞ்ஹ என்னும் பாளி நூலில், மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரைப் பற்றி வினவுகின்றார். ஏர்க்கால் தேரா? அச்சுத் தேரா? சில்லுகள் தேரா? இவை யாவும் ஒன்றுசேர்ந்தது தேரா? இவற்றுக்குப் புறம்பான வேறொன்று தேரா? மன்னன் ஒவ்வொன்றையும் மறுக்கின்றான். ஈற்றில், இவ்வுறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயரே தேர் என்பது பெறப்படுகின்றது. தேருக்குள் தேடிப் பிடிக்கத்தக்க தேர்த்தன்மை ஒன்றும் இல்லை. நாகசேனரின் நோக்கம் ஆன்மா உண்டெனும் கொள்கையை மறுப்பதேயன்றித் தேர்களுக்குப் பதிவு இலக்கம் வழங்குவதன்று. எனினும் அவர் கருத்தை நம் விடயத்துக்குப் பொருத்தினால் ஓர் உண்மை துலங்குகின்றது. வண்டியின் அடையாளம் வண்டிக்குள் இல்லை. வண்டியைப் பற்றி மாந்தர் தம்முள் வழங்கும் வழக்கில் உள்ளது.

வழக்கு என்பதால் அது எவரும் தம் விருப்பப்படி வளைக்கத்தக்கது என்று கொள்ளலாகாது. நாணயத்தின் பெறுமதியும் வழக்கே. அதற்காகக் கள்ள நாணயம் குற்றமற்றதாகி விடுவதில்லை. வழக்கில் நிற்கும் அடையாளத்துக்கு வழக்கைக் காப்போர் தேவை. கழகங்களின் அறவியல் முக்கியத்துவம் இங்கேதான் வெளிப்படுகின்றது. எந்த ஆண்டில் எவ்வகை விளக்கு இருந்தது, 1956இல் 948 கன சென்ரிமீற்றர் எந்திரமும் 1962இல் 1098 கன சென்ரிமீற்றர் எந்திரமும் வந்தபோது வேறெவை மாறின, எந்த உடல் இலக்கத்துக்கு எந்த நிறம் உரியது என்பனவற்றைக் குறித்துவைத்து, வினவுவோருக்குச் சொல்லும் மாந்தர் இல்லையெனில், உக்கிப்போன வண்டியின் தகடு ஒன்றைப் பெயர்த்து வேறொரு வண்டியில் அறைந்து, அரிய வண்டி என விற்பவனைத் தடுப்பார் எவருமிலர்.

அப்படியாயின், பேணுபவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? வண்டிக்கு அன்று. வண்டிக்கு இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை; அதற்கு அநீதி இழைக்க எவராலும் முடியாது. கடமை மனிதருக்கே உரியது. முதலாவதாக, நாளை அவ்வண்டியை வாங்கப்போகும் ஒருவருக்கு: மாற்றப்பட்டவற்றை மாற்றப்பட்டவை என்றே சொல்லும் கடமை. நூறு பாகம் மாற்றி அதனைச் சொல்லிவிடுபவர் பழுதற்றவர். ஒரு பாகம் மாற்றி அதனை மறைப்பவர் பழுதுடையவர். இவ்வாறு நோக்கின், தீசியஸின் கப்பலைப் பற்றிய வினா பாதியளவு தன் வலியை இழந்துவிடுகின்றது. பலகைகளின் கணக்கை எழுதிவைத்த ஏட்டை ஏதென்ஸ் மக்கள் பார்வையாளருக்குக் காட்டியிருப்பின், கப்பல் அதுவே என்பாரும் அன்று என்பாரும் ஒரே உண்மையை வெவ்வேறு பெயரால் அழைக்கும் இருவராக மட்டுமே இருந்திருப்பர்.

பாதியளவு என்று கூறியமைக்குக் காரணம் உண்டு. கழகத்தார் நடுவே அடிக்கடி எழும் ஒரு சங்கடத்தை ஏட்டுக் கணக்கால் தீர்க்க முடியாது. இரண்டு வண்டிகள் உள்ளன; இரண்டும் நோய்ப்பட்டவை. ஒன்றைக் கழற்றினால் மற்றொன்று பிழைக்கும். கழற்றப்படும் வண்டியோ அரிதானது. பிழைக்கப்போவதோ சாதாரணமானது, ஆனால் ஒருவருடைய தந்தை ஓட்டியது. இங்கே எதனைக் கொல்வது? பொருள்களின் அருமையை மட்டும் நோக்குபவர் ஒருவகையாகவும், மனிதரின் உறவை நோக்குபவர் வேறுவகையாகவும் விடை கூறுவர். இரு சாராரும் தத்தம் நிலையில் நேர்மையானவரே. உடைமை உரிமை இவ்வினாவைச் சட்டத்தளவில் முடித்துவைக்கின்றது. உடையவர் தாம் விரும்பியவாறு செய்யலாம். ஆயின் விரும்பியவாறு செய்யும் உரிமை உள்ளதென்பது, செய்தது சரியென்பதற்குச் சான்றாகாது. எஞ்சியிருப்பவை சிலவே என்னும் நிலை வரும்போது உடைமையாளர் மெல்ல மெல்ல நம்பிக்கைப் பொறுப்பாளராக மாறுகின்றார். எந்த எண்ணிக்கையில் அம்மாற்றம் நிகழ்கின்றதென்று எவராலும் சொல்ல முடியாது.

இவையெல்லாம் வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கு, பழைய ஆதிக்க காலத்து ஏக்கம், வெறும் பற்று என்று சொல்வோர் உளர். அவ்விமர்சனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. வண்டியைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாற்போல வைத்திருப்போரிடத்துப் பற்றே மிக்கிருக்கின்றது. அவர்களுக்கு வண்டி ஒரு பண்டம். அதன் விலையேற்றமே அவர்தம் மகிழ்ச்சி. புகையும் பாதுகாப்பும் பற்றிய கண்டனமும் புறக்கணிக்கத்தக்கதன்று. பெருமாற்றம் செய்யப்படாத, நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2018ஆம் ஆண்டு பிரித்தானியா ஆண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்களித்தபோது, வீதியிற் செல்வோரின் உயிர் பற்றிய பொறுப்பு பரிசோதகரிடமிருந்து உடையவரின் மனச்சாட்சிக்கு மாற்றப்பட்டது. எல்லா மனச்சாட்சிகளும் தடுப்புக்கருவியைத் திறந்து பார்க்குமளவுக்குக் கூர்மையானவையல்ல.

ஆயினும் பேணுதல் யாவும் ஏக்கத்தால் வருவதன்று என்பதை மெய்ப்பிக்க இலங்கையைக் காட்டிலும் சிறந்த சான்று தேவையில்லை. 1950களிலும் 1960களிலும் இங்கு வந்திறங்கிய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் வண்டிகளும், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய 1970களிலே, கழகம் எதுவுமின்றியே பேணப்பட்டன. புது வண்டி வாங்க வழியில்லை. ஆகவே பழையது ஓடியாகவேண்டும். கிடைக்காத பாகத்தைக் கடைசற்பட்டறைக்காரர் கடைந்து கொடுத்தார். இவ்வாறு வளர்ந்த கைத்திறன் வீண்போகவில்லை. 1990களிலே மொறிஸ் மைனருக்கான தகடுகளும் பாகங்களும் இலங்கையிற் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன. ஆங்கிலேயக் கிராமமொன்றில் ஓடும் மைனரின் பக்கத்தகடு இலங்கைத் தொழிலாளியின் கைவேலையாக இருக்கலாம். அவ்வண்டி எந்த அளவுக்கு ஆங்கிலேய வண்டி என வினவுவோர், எந்த அளவுக்கு அது முன்பு ஆங்கிலேய வண்டியாக இருந்தது எனவும் வினவவேண்டும். அதனை வரைந்தவரே ஸ்மேர்னாவிற் பிறந்தவர் அல்லவா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை இன்னும் கடுமையானது. 1990இற்குப் பின் எரிபொருள் தடை நிலவிய காலத்திலே பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. மொறிஸ் மைனரும் ஏ.40 வண்டிகளும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எந்திரத்தை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். அமுக்கம் குறைந்த பழைய எந்திரங்கள் இதனைத் தாங்கின. புதிய வண்டிகள் தாங்கவில்லை. கரும்புகை கக்கிக்கொண்டு அவ்வண்டிகள் நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றன. மூலநிலையைப் போற்றும் நடுவர் ஒருவர் அவ்வண்டிகளுள் ஒன்றைக் கண்டிருப்பின், எரிபொருட் குழாயிற் செய்த மாற்றத்துக்காகப் புள்ளிகளைக் குறைத்திருப்பார். உண்மையில், அவ்வண்டியைப் பின்னர் ஒருவர் வாங்கி அம்மாற்றங்களை அகற்றித் தொழிற்சாலையினின்றும் வந்த நிலைக்குத் திருப்புவாராயின், அவர் எதனைப் பேணினார், எதனை அழித்தார்?

உலகப் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பான பீவா 2012ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட ரூறின் சாசனம் இவ்விடயத்தில் ஒரு தெளிவைத் தருகின்றது. கட்டடப் பேணுகைக்கென 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றியது அது. வண்டி தன் வாழ்நாளில் அடைந்த மாற்றங்களும் அதன் வரலாற்றுச் சான்றுகளே என்பதும், புதிதாகச் செய்யப்படுவன பிரித்தறியத்தக்கனவாயும் இயன்றவரை மீளப்பெறத்தக்கனவாயும் இருத்தல் வேண்டும் என்பதும் அதன் உட்கிடை. இவ்வளவையைக் கொண்டு நோக்கின் மண்ணெண்ணெய்க் குழாய் காக்கத்தக்கது. தொழிற்சாலை நிலையையே வேண்டி அதனைப் பிடுங்கி எறிவதுதான் பிழை.

மின்கலத்தால் இயங்குமாறு பழைய வண்டிகளை மாற்றும் வழக்கம் அண்மையிற் பரவி வருகின்றது. எந்திரத்தைக் களைந்த வண்டியை வரலாற்று வண்டியாக ஏற்க முடியாது எனப் பீவா 2019இல் தன் நிலைப்பாட்டை அறிவித்தது. யாழ்ப்பாணத்தார் எரிபொருளை மாற்றியதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன என்று எதிர்த்தரப்பார் வினவலாம், நியாயமான வினாவே. முன்னது வண்டி தன் தொழிலைத் தொடர்வதற்காகச் செய்யப்பட்டது. பின்னதும் அவ்வாறே எனச் சொல்ல இடமுண்டு. நாளை பெற்றோல் விற்பனை அருகிப்போகும் காலம் வருமாயின் அவ்வாதம் மேலும் வலுப்பெறும். இடைக்காலத்திலே விவேகிகள் செய்வது யாதெனில், உடலில் எந்தத் துளையும் இடாது, மீளக் கழற்றத்தக்கவாறு மின்னோடியைப் பொருத்தி, பழைய எந்திரத்தை இலக்கத்துடன் எண்ணெய் பூசிச் சாக்கிற் சுற்றி வைத்தலாகும். அவ்வாறு சுற்றிவைத்த எந்திரமும், ட்ரவலரிலிருந்து கழற்றி எறிய மனம்வராது கூரை வளையிற் செருகிவைத்த ஆஷ் மரத் துண்டுகளும் கொட்டிலின் மூலையிற் கிடக்கும். ஹொப்ஸ் சொன்ன அந்த மனிதன் எப்போதாவது வந்து கேட்கவுங்கூடும்.